டீ போடத் தெரியுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். கையில ஒரு டீயோட உட்காருங்க, பாதிக்கு மேல டீயைப் பத்திதான் பேசப்போறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் மனநல மருத்துவர் இல்ல. வெறும் எம்பிபிஎஸ். அம்பத்தூர், ஆவடி பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில டியூட்டி. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், நாய்க்கடி, அடிதடின்னு எல்லாம் வர்ற ஓபி. மாவட்ட மனநலத் திட்டத்துல மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்ல வந்து பார்ப்பார். அவர் எழுதின மாத்திரையை மத்த நாள்ல நாங்க தொடர்ந்து எழுதிக் கொடுப்போம். அப்படி எழுதிக் கொடுத்துக்கிட்டு இருந்த ஒருத்தரைப் பத்தின கதை இது. ஆளை அடையாளம் காட்டுற விவரங்களை மாத்தியிருக்கேன். அவர்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

அண்ணன்னே சொல்றேன், என்னை விட ஏழெட்டு வயசு பெரியவர். இருபத்திரண்டு வயசுல மனச்சிதைவு நோய் வந்தது. அப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில வேலை. மெஷின் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுன்னு சொல்லி பாதி ஷிப்ட்ல இறங்கி வந்துட்டார். அதுக்கப்புறம் வேலைக்குப் போகல. அப்பா ஆவடி டேங்க் பேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போ இல்ல. தங்கச்சியைப் பூந்தமல்லியில கட்டிக் கொடுத்திருக்காங்க. திருமுல்லைவாயல்ல அப்பா கட்டின சின்ன வீடு. அதுல அம்மாவும் அண்ணனும்.

மாசா மாசம் ரெண்டு பேரும் வருவாங்க. அம்மா பேசுவாங்க. அண்ணன் பக்கத்துல நின்னுட்டு ஃபேனைப் பார்ப்பார்.

"தூங்குறாராம்மா?"

"தூங்குறான் டாக்டரம்மா."

"சாப்பிடுறாரா?"

"வச்சா சாப்பிடுறான்."

"குரல் ஏதாவது கேக்குதுன்னு சொல்றாரா?"

"அதெல்லாம் இல்ல. நல்லா இருக்கான்."

அதே மாத்திரை, ஒரு மாசத்துக்கு. அடுத்த ஆள்.

அந்த நேரத்துல எனக்குப் பின்னாடி எழுபது பேர் வரிசையில நிப்பாங்கன்னு சொல்லி நான் தப்பிச்சுக்கலாம். நிப்பாங்கதான். ஆனா "தூங்குறீங்களா?"ன்னு அவரைப் பார்த்துக் கேக்குறதுக்கும் அதே நேரம்தான் ஆகும். ரெண்டு வருஷத்துக்கு மேல நான் அவரைப் பத்தி அவங்க அம்மாகிட்டதான் கேட்டிருக்கேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதா ஞாபகம் இல்ல. "வச்சா சாப்பிடுறான்"ங்கிற வாக்கியத்துல அந்த "வச்சா" என் காதுல விழவே இல்ல.

ஒரு நாள் அந்த அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு. எதிர்வீட்டுக்காரங்க 108ஐக் கூப்பிட்டு, ஊருக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. தங்கச்சி அந்த வாரம் மாமியார் ஊர்ல. அவங்க வந்து சேர நாலாவது நாள் ஆயிடுச்சு.

அந்த நாலு நாளும் அண்ணன் வீட்ல தனியா.

முதல் நாள் மிச்சம் இருந்த சோத்தைச் சாப்பிட்டிருக்கார். அடுத்த நாள் பிஸ்கட். அப்புறம் ஹார்லிக்ஸ் பொடியை ஸ்பூனால அள்ளி அள்ளி. குழாயில தண்ணி வரல, ஏன்னா மோட்டார் போடல. குடத்துல இருந்தது தீர்ந்ததும் பாத்ரூம் பக்கெட்ல இருந்த தண்ணியைக் குடிச்சிருக்கார். மாத்திரை பீரோவுல இருந்தது. பதினாறு வருஷமா ராத்திரி அம்மா கையில இருந்து வாங்கி முழுங்கினவருக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது. அதனால தூக்கமும் போச்சு.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. எதிர்வீட்டு அக்கா நல்லவங்க. தினமும் காலையில இட்லி பொட்டலம் கட்டி கேட்ல மாட்டிட்டு ஒரு குரல் கொடுத்துட்டு வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்து பார்த்தா பொட்டலம் அப்படியே தொங்கும். பயந்து போய் உள்ள நுழையல. அண்ணன்கிட்ட பின்னாடி கேட்டேன், பார்க்கலையான்னு. பார்த்தேன்னார். அப்புறம் ஏன் எடுக்கலைன்னு கேட்டதுக்கு, "எனக்குன்னு யாரும் சொல்லல"ன்னார்.

அவருக்கு நோய் திரும்பி வரல. குரல் கேக்கல, யார் மேலயும் சந்தேகம் இல்ல. நான் மாசா மாசம் எழுதின "நல்லா இருக்கார்" பொய்யும் இல்ல. நல்லா இருந்த ஒரு நாற்பது வயசு ஆள் அடுப்பு பத்த வைக்கத் தெரியாம நாலு நாள் பட்டினி கிடந்தார், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற சிலர் "சோம்பேறித்தனம்"னு நினைப்பீங்க. குடும்பத்துலயும் அந்த வார்த்தைதான் புழங்கும். கொஞ்சம் மருத்துவம் பேசிக்கலாம்.

மனச்சிதைவுல இல்லாதது வந்து சேர்றது ஒரு பக்கம். குரல் கேக்குறது, சந்தேகம், பயம். இருந்தது காணாமப் போறது இன்னொரு பக்கம். ஒரு வேலையைத் தானா ஆரம்பிக்கிற உந்துதல், முகபாவம், பேச்சு, அடுத்து என்ன செய்யணும்னு வரிசைப்படுத்துற திறன், ஒண்ணுலயே கவனம் வைக்கிறது. முதல் பக்கத்துக்கு மாத்திரை நல்லா வேலை செய்யும். ரெண்டாவது பக்கத்துக்கு ரொம்பக் கம்மியாத்தான் செய்யும். இட்லி பொட்டலத்தைப் பார்த்தும் கை போகலைங்கிறது இந்த ரெண்டாவது பக்கம். இதுக்கு மேல, காலையில போடுற மாத்திரையோட மந்தம் ஒண்ணு. இதையெல்லாம் சேர்த்து வீட்ல வைக்கிற பேர்தான் சோம்பேறித்தனம்.

ரெண்டாவது பக்கத்துக்கு மருந்து, பயிற்சிதான். திரும்பத் திரும்ப, சின்னச் சின்னதா, பொறுமையா கொடுக்கிற பயிற்சி. மருத்துவப் படிப்புல மனநலத்துக்குன்னு எங்களுக்குப் போட்டது ரெண்டு வார போஸ்டிங். அதுல இதை யாராவது சொல்லியிருக்கலாம், நான் கேன்டீன்ல இருந்திருப்பேன்.

அம்மா ஆபரேஷன் முடிஞ்சு வாக்கரோட வீட்டுக்கு வந்தாங்க. அடுத்த மாசம் தங்கச்சிதான் அண்ணனைக் கூட்டிட்டு வந்தாங்க. "எங்கயாவது ஹோம்ல சேர்க்க எழுதிக் கொடுங்க மேடம், அம்மாவுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் ரெண்டு பசங்க"ன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் வரல. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மாவட்ட மனநலக் குழுவோட சோஷியல் ஒர்க்கர் அன்னிக்கு இருந்தாங்க. அவங்க அண்ணன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "அண்ணா, நீங்க என்ன கத்துக்கணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க.

ரொம்ப நேரம் பதில் இல்ல. தங்கச்சி பதில் சொல்ல வாயெடுத்தாங்க. சோஷியல் ஒர்க்கர் கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"டீ"ன்னார்.

நாங்க குளியல், சேவிங், துணி துவைக்கிறதுன்னு ஒரு பட்டியல் மனசுல வச்சிருந்தோம். ஏன் டீன்னு கேட்டா, "அம்மா போடுறது தண்ணியா இருக்கும்"ன்னார். பதினாறு வருஷமா அந்த டீயைக் குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கார் மனுஷன். தங்கச்சி சிரிச்சுட்டாங்க, அப்புறம் அழுதுட்டாங்க.

இவருக்கு ஏற்கனவே பயிற்சி கொடுத்திருக்காங்க, அதையும் சொல்லணும். ஆரம்பத்துல உள்நோயாளியா இருந்தப்ப பேப்பர் கவர் ஒட்டக் கத்துக் கொடுத்தாங்களாம். நல்லா ஒட்டுவாராம். வீட்டுக்கு வந்தா ஒட்ட கவர் இல்ல. வார்டுல மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சா மாத்திரை, வரிசையில நின்னா குளியல். வீட்ல மணி கிடையாது, அம்மாதான் மணி.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல மெண்டோட்டாங்கிற அரசு மனநல மருத்துவமனையில, லெனர்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட்னு ரெண்டு பேர் 1970களோட தொடக்கத்துல இதே தலைவலியோட உட்கார்ந்திருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள சமைக்க, துவைக்க, பஸ் ஏறன்னு எல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்புவாங்க. வெளியில போனா அது நிக்காது, கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடுவாங்க. கடைசியில அவங்க செஞ்சது, வார்டு ஊழியர்களையே ஊருக்குள்ள அனுப்பினது. அவங்க குடியிருக்கிற வீட்டோட அடுப்புல சமைக்கவும், அவங்க தெரு முனை கடையில சாமான் வாங்கவும் அங்கயே போய்ச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர்றது பெருமளவு குறைஞ்சது. 1980ல வெளியான அந்த ஆய்வுக் கட்டுரைகள்தான் இன்னிக்கு உலகம் முழுக்க பேசுற சமூக மனநலக் குழுக்களுக்கு அடிப்படை.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதே இந்த நோயில அடிபடுற ஒரு திறன். கேஸ் அடுப்போட குமிழ் வார்டுல வலது பக்கம் திரும்பி, வீட்ல இடது பக்கம் திரும்பினா உங்களுக்கும் எனக்கும் ஒரு நொடி தடுமாற்றம். அவங்களுக்கு அது முதல்ல இருந்து புதுப்பாடம்.

சரி, டீக்கு வருவோம்.

சோஷியல் ஒர்க்கர் நாலு சனிக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனாங்க. டியூட்டி முடிச்சுட்டுப் போற வழிங்கிறதால ரெண்டு தடவை நானும் போனேன். முதல் நாள் அவங்க சமையல்கட்டுல நின்னு, அந்த அம்மா டீ போடுறதைப் பார்த்து நோட்டுல எழுதினாங்க. பாத்திரம் எடுக்கிறது, பால் பாக்கெட்டை வெட்டுறது, ஊத்துறது, தண்ணி சேர்க்கிறது, லைட்டர் எடுக்கிறது, குமிழைத் திருப்புறது, பத்த வைக்கிறது... மொத்தம் பதினேழு படி வந்தது. நான் எம்பிபிஎஸ் படிச்ச காலத்துல இருந்து டீயிலதான் ஓடிக்கிட்டு இருக்கேன், பதினேழு வரும்னு நினைச்சதே இல்ல.

நானா இருந்தா முதல் படியில ஆரம்பிச்சிருப்பேன். அவங்க கடைசி படியில ஆரம்பிச்சாங்க. அம்மா பதினாறு படியும் செய்வாங்க. அண்ணன் வடிகட்டியைப் பிடிச்சு டம்ளர்ல ஊத்தணும், அவ்வளவுதான். ஊத்தினா டீ கையில, குடிக்கலாம். அடுத்த வாரம் அடுப்பை அணைக்கிறதும் ஊத்துறதும் அவர். அதுக்கடுத்து சர்க்கரை, அணைக்கிறது, ஊத்துறது. இப்படியே பின்னாடி இருந்து முன்னாடி. இதுல ஒவ்வொரு நாளும் அவர் செய்யுற வேலை ஒரு முழு டீயில போய் முடியும். முதல் படியில ஆரம்பிச்சிருந்தா பாக்கெட்டை வெட்டிட்டு நின்னிருப்பார், மிச்சத்தை அம்மா செஞ்சிருப்பாங்க, வழக்கம்போல. பயிற்சி கொடுக்கிறவங்களுக்கு இது பழைய முறை, எனக்குத்தான் புதுசு.

இன்னொரு விதி, சொல்றதைக் குறைச்சுக்கிட்டே வரணும். முதல்ல வாயால சொல்றது, அப்புறம் கையைக் காட்டுறது, அப்புறம் சும்மா நிக்கிறது, கடைசியில அந்த இடத்துலயே இல்லாம இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இதுதான் முடியல. அவங்களை ஹால்ல உட்கார வச்சு சீரியலைப் போட்டு விட்டோம். விளம்பரம் வந்தா போதும், உள்ள இருந்து குரல் வரும். "சிம்ல வைடா!" "பொங்குது பாரு!" "இன்னும் எவ்ளோ நேரம்டா?" சோஷியல் ஒர்க்கர் போய் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. "அம்மா, பொங்கட்டும்."

பொங்கிச்சு. மூணாவது வாரம் பாலும் போய் பாத்திரமும் அடிப்பிடிச்சு கரியாயிடுச்சு. அந்த அம்மா வாக்கரைப் பிடிச்சு எழுந்து, பாத்திரத்தை வாங்கித் தேய்க்கப் போனாங்க. சோஷியல் ஒர்க்கர் தடுத்துட்டாங்க. அண்ணன் கம்பி நாரை வச்சு முக்கால் மணி நேரம் தேய்ச்சார். கரி முழுசாப் போகல. அந்தப் பாத்திரம் இன்னும் அந்த வீட்ல இருக்கு, அதுலதான் டீ போடுறார்.

எதிர்வீட்ல ஒரு பிரச்சனை கிளம்பிச்சு. "கேஸை அவர்கிட்ட விடுறீங்களாமே"ன்னு. நியாயமான பயம், எனக்கும் இருந்தது. தங்கச்சி ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்தாங்க. பாத்திரத்தை எடுத்தா தானா நின்னுடும், நேரமும் வச்சுக்கலாம். கேஸை மறந்துட்டு மறுபடியும் நாலு படியைப் புதுசாப் படிச்சார். வீல்சேர் போக சாய்தளம் கட்டுறோம் இல்ல, அந்த இண்டக்ஷன் அடுப்பை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தானா ஒரு முழு டீ போட பதினொரு வாரம் ஆச்சு. நான் போன அன்னிக்கு எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. டீத்தூள் மூணு மடங்கு, சர்க்கரை நாலு மடங்கு. சர்க்கரை நோய் ஓபி பார்க்கிற டாக்டருக்கு அப்படி ஒரு டீ. குடிச்சேன்.

இதுக்கு நடுவுல நான் செஞ்ச உருப்படியான வேலை ஒண்ணே ஒண்ணு. காலையில பதினோரு மணி வரைக்கும் எழுந்திருக்க முடியலைன்னு அவரே சொன்னதும் (இப்போ அவர்கிட்ட கேக்குறேனே), மனநல மருத்துவர்கிட்ட பேசினேன். அவர் காலை ரிஸ்பெரிடோனையும் ராத்திரிக்கே மாத்தினார். ரெண்டு வாரத்துல எட்டு மணிக்கு எழுந்தார். தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு நீங்களா வீட்ல மாத்திரை நேரத்தை மாத்தாதீங்க, நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட கேளுங்க. பயிற்சி மாத்திரைக்குப் பதில் கிடையாது. மாத்திரை நின்னா டீயும் நின்னுடும்.

மாத்திரையை அவர் கைக்கு மாத்தினது இன்னொரு கூத்து. ஏழு அறை இருக்கிற டப்பா வாங்கினோம். போட்டாரா இல்லையான்னு எப்படித் தெரியும்? சுவத்துல தினசரி காலண்டர். மாத்திரை போட்டுட்டு அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். அந்த அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. "ராத்திரியே கிழிச்சா நாளைக்கி தேதி இன்னிக்கே வந்துடுமே டாக்டரம்மா, ராகு காலம் பாக்க வேணாமா?" அண்ணன்தான் வழி கண்டுபிடிச்சார். மாத்திரை போட்டதும் தாள்ல பேனாவால ஒரு டிக், கிழிக்கிறது காலையில. டிக் இல்லாத தாளைக் கிழிக்கக் கூடாது. நாங்க சொல்லிக் கொடுக்காம அவரா யோசிச்சது அது.

நடக்காததும் நிறைய இருக்கு. குளியல் இன்னும் சண்டைதான். பணம் வரவே இல்ல. கடைக்குப் போவார், சாமானை வாங்குவார், மிச்சக் காசை எண்ணாம வந்துடுவார். ரேஷன் கடையில கைரேகை வச்சுட்டு அரிசியை அங்கயே விட்டுட்டு வந்திருக்கார். எம்டிஎச் ரோட்டைத் தாண்டுறதுக்கு மட்டும் ரெண்டு மாசம் பழகினோம். ஆனா அந்த ரோட்டைத் தாண்ட எனக்கே தைரியம் வேணும், அதை அவர் கணக்குல எழுத மாட்டேன்.

அம்மாக்களைப் பத்தி ஒரு வார்த்தை. லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு சமூகவியலாளர், ஆஸ்பத்திரியில இருந்து வெளியே போனவங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்தார். 1958ல வந்த அந்த ஆய்வுல எதிர்பார்க்காத விஷயம் ஒண்ணு தெரிஞ்சது. பெத்தவங்ககிட்டயோ கணவன் மனைவிகிட்டயோ திரும்பிப் போனவங்களை விட, வாடகை அறைக்கோ கூடப் பிறந்தவங்க வீட்டுக்கோ போனவங்க நல்லா இருந்தாங்க. பின்னாடி நடந்த ஆய்வுகள்ல தெளிவாச்சு: ஓயாம குறை சொல்றது, ஓயாம பொத்திப் பொத்திப் பார்த்துக்கிறது, ரெண்டுமே நோய் திரும்புற வாய்ப்பைக் கூட்டுது. இதை வச்சு அம்மாக்கள்தான் காரணம்னு ஒரு காலத்துல எழுதிக் குவிச்சாங்க, அது அபாண்டம். நோயை யாரும் பாசத்தால வரவைக்கிறதில்ல. பதினாறு வருஷம் அந்த ஆளை உயிரோட, சுத்தமா, மாத்திரை தவறாம வச்சிருந்தது அந்த அம்மாதான். நம்ம சிஸ்டம் அவங்களுக்கு வேற எதையும் சொல்லிக் கொடுக்கல. நானும் அந்த சிஸ்டம்தான்.

அவங்க ஒரு தடவை என்கிட்ட தனியா கேட்டாங்க. "எல்லாம் அவனே செஞ்சுட்டா அப்புறம் எனக்கு இன்னா வேலை இருக்கு?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

தங்கச்சியோட கேள்வி வேற மாதிரி. "இவன் எல்லாம் செய்றான்னு தெரிஞ்சா ஊனச் சான்றிதழ் போயிடுமா? அப்பா பென்ஷன் நாளைக்கு இவனுக்கு வராதா?" ஆவடி சுத்து வட்டாரத்துல டேங்க் பேக்டரி, துணி பேக்டரி, ரயில்வேன்னு மத்திய அரசு பென்ஷன் வாங்குற வீடு ஏராளம், அதனால விளக்கமாவே சொல்றேன்.

2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல மனநோயும் ஒரு ஊனம். சான்றிதழுக்கு ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் வச்சுப் பார்ப்பாங்க. தன்னைப் பார்த்துக்கிறது, மத்தவங்களோட பழகுறது, பேச்சும் புரிதலும், வேலை. இந்த நாலுக்கும் பூஜ்யத்துல இருந்து நாலு வரை மதிப்பெண், கூடவே நோய் எத்தனை வருஷமா இருக்குங்கிறதுக்கும் மதிப்பெண். டீ போட்டதும் எல்லாம் பூஜ்யம் ஆயிடாது. மத்திய அரசு குடும்ப ஓய்வூதியத்துல, மனநலக் குறைபாட்டால சொந்தமா சம்பாதிச்சுப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு, அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. அங்க கேள்வி சம்பாதிக்க முடியுமாங்கிறது. டீ போடத் தெரியுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அம்மா இருக்கும்போதே சான்றிதழை வாங்கி, ஓய்வூதியம் கொடுக்கிற ஆபீஸ்ல மகன் பேரைப் பதிவு பண்ணி வச்சிடுங்க. அவங்க போனதுக்கப்புறம் அலையுறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த வீட்ல அந்த வேலை இப்போதான் முடிஞ்சது.

எனக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க? இந்தக் கேள்வியைக் கேக்காத அம்மாவை நான் அந்த ஓபியில பார்த்ததில்ல. பதில் தெரியாத குடும்பங்கள் என்ன செஞ்சுதுன்னு ஏர்வாடி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தனியார் காப்பகக் கொட்டகையில தீப்பிடிச்சப்ப சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியல, 28 பேர் செத்துப் போனாங்க. அவங்களும் யாரோ ஒருத்தர் "கொஞ்ச நாள் இருக்கட்டும்"னு கொண்டு போய் விட்டவங்கதான்.

வேற பதிலும் இருக்கு, நம்ம ஏரியாவுலயே. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோட கண்காணிப்பாளரா 1961ல இருந்து 1978 வரைக்கும் இருந்தவங்க டாக்டர் சாரதா மேனன். ரிட்டயர் ஆனபிறகு 1984ல ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினாங்க, அண்ணா நகர் மேற்கு விரிவுல இருக்கு. மனச்சிதைவுக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் சிகிச்சையோட பாதிங்கிறதை இந்த ஊர்ல முதல்ல உரக்கச் சொன்னவங்கள்ல அவங்க ஒருத்தர். 2021ல, 98 வயசுல காலமானாங்க.

இந்தப் பக்கம் முகப்பேர். தெருவுல திரியுற, மனநோய் உள்ள பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு பேர் இருபதுகள்ல இருந்தப்ப, 1993ல, தி பேன்யனைத் தொடங்கினாங்க. அவங்க "அடைக்கலம்" முகப்பேர்லதான். குணமாகியும் போக வீடில்லாம, வருஷக்கணக்கா காப்பகத்துலயே இருந்தவங்களுக்காக 2015ல "ஹோம் அகெய்ன்"னு ஒண்ணு தொடங்கினாங்க. நாலைஞ்சு பேர் சேர்ந்து சாதாரணத் தெருவுல ஒரு வாடகை வீடு. கூட உதவிக்கு ஒருத்தர். என்ன சமைக்கிறது, யார் கடைக்குப் போறதுங்கிறது அவங்க முடிவு. முதல்ல எல்லாத்தையும் கத்துக்கோ, அப்புறம் வீடு தர்றேன்னு சொல்லல. வீட்டைக் கொடுத்துட்டு அதுக்குள்ள கத்துக்கச் சொன்னாங்க. இப்போ கேரளா, மகாராஷ்டிரான்னு போயிருக்கு.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 19ஆம் பிரிவு, மனநோய் உள்ளவங்களுக்கு சமூகத்துக்குள்ள வாழ உரிமை உண்டு, குடும்பம் ஏத்துக்கலைங்கிற ஒரே காரணத்துக்காக ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதுக்கான இடைநிலை இல்லங்களை அரசு தரணும்னும் சட்டம் சொல்லுது. இருக்கிறது போதுமான்னா, போதாது. அரசு ஊழியரா இருந்துக்கிட்டே சொல்றேன், ரொம்பப் போதாது. மாவட்டத்துக்கு ஒரு சோஷியல் ஒர்க்கர் எத்தனை வீட்டு சமையல்கட்டுல நிக்க முடியும்?

அதனால வீட்ல இப்படி ஒருத்தர் இருந்தா, நோய் அடங்கி இருக்கிற நேரமா பார்த்து, அவர்கிட்டயே கேளுங்க என்ன வேணும்னு. சொல்றது சின்னதா இருக்கும், சினிமா பார்க்கணும்னு இருக்கும், பைக்னு கூட இருக்கும். அதுல இருந்து பிடிங்க. பக்கத்து அரசு மருத்துவமனையில மாவட்ட மனநலக் குழு எந்த நாள் வருதுன்னு விசாரிங்க. ராத்திரி மூணு மணிக்கு ஆள் இல்லாம தவிச்சா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசுவாங்க.

ஹோம் விஷயத்தைத் தங்கச்சி இப்போதைக்கு ஒத்திப் போட்டிருக்காங்க. ஒத்திதான் போட்டிருக்காங்க. அம்மாவுக்கப்புறம் அந்த வீட்ல அவர் தனியா இருக்க முடியுமா, யாராவது கூட வரணுமா, பென்ஷன் பணத்தை யார் கையாளுறது, எதுவும் முடிவாகல.

போன மாசம் அண்ணன் தனியா வந்தார். திருமுல்லைவாயல்ல டிக்கெட் எடுத்து, ரயில் ஏறி, சரியா இறங்கி. ஓபி வரிசையில நின்னு, அவர் முறை வந்ததும் உட்கார்ந்தார்.

"தூங்குறீங்களா அண்ணா?"

"தூங்குறேன்."

"அம்மா ஏன் வரல?"

"முட்டி வலி."

அவர் நோட்டை எழுதி முடிச்சு நீட்டினேன். அவர் எழுந்திருக்கல. மஞ்சப் பையில கையை விட்டு இன்னொரு நோட்டை எடுத்து மேசை மேல வச்சார். அவங்க அம்மாவோட பிரஷர் நோட்டு.

"அவங்களுக்கும் ஒரு மாசத்துக்கு எழுதிடுங்க. ராத்திரி மாத்திரை மறந்துடுறாங்க"ன்னார். "டப்பா வாங்கணும்."